பள்ளி மேடையும் ஊர் நலமும்

நம் சங்கங்களின் பேரேட்டில் பதிவாகாத இழப்பு ஒன்று உண்டு. நூல் விலை ஏறினால் அது கணக்கில் தெரிகிறது. துணி தேங்கினால் அதுவும் தெரிகிறது. ஆனால் நெசவாளர் வீட்டில் ஒரு குழந்தை காய்ச்சலில் படுத்துவிட்டால், தாய் நூல் சுற்றுவதை விட்டு மருத்துவமனைக்கு ஓடுகிறாள். தந்தை பாவை அப்படியே விட்டுக் கைமாற்றுத் தேடிப் போகிறார். ஒரு வாரம் தறி நிற்கிறது. குடியானவர் வீட்டில் களையெடுப்பின் பருவம் தவறுகிறது. பனியன் தொழிலாளி வீட்டில் வாரச் சம்பளம் பாதியாகிறது. இவ்விழப்பை எந்தத் தணிக்கையாளரும் எழுதிக் காட்டுவதில்லை. ஆயினும் உறுப்பினர் பலர் சங்கக் கடனைத் தவணையில் கட்ட இயலாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை, நிர்வாகக் குழுவில் அமர்ந்த எவரும் அறிவர்.

இந்நோய்களிற் பல, வந்தபின் தீர்ப்பதைக் காட்டிலும் வருமுன் தடுப்பதற்கு எளியவை. தடுக்கும் வழியும் வீட்டிலேயே இருக்கிறது. அவ்வழியை வீட்டிற்குள் கொண்டு செல்லத் தக்க தூதுவர் யார் என்று பார்த்தால், பள்ளிக்குச் செல்லும் சிறாரே என்பது நமது துணிபு. அவர்களுக்கு அதனைக் கற்பிக்கத் தக்க கருவி எது என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாடகமும் பாட்டும் அக்கருவியாகும் என்று சொல்ல வந்தோம். எப்போது ஆகும், எப்போது ஆகாது என்பதையும், நாம் செய்த பிழை ஒன்றை மறையாது கூறி, உடன் சொல்வோம். ‘கூத்துச் செய்திதானே’ என்று உறுப்பினர்கள் இப்பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் பகுதியின் மூன்று பகைகள்

திருப்பூர், பல்லடம், அவிநாசி, காங்கேயம் வட்டாரங்களில் சிறாரை வாட்டும் நோய்கள் பலவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது டெங்குக் காய்ச்சல். 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,000க்கு மேற்பட்டோரும், 2017ஆம் ஆண்டில் 23,000க்கு மேற்பட்டோரும் இந்நோயுற்றதாக அரசுக் கணக்கு கூறுகிறது. 2017இல் மட்டும் 65 பேர் உயிரிழந்தனர். இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதன்று. நாம் சேர்த்துவைக்கும் நல்ல நீரிலேயே வளர்வது. நம் பகுதியிலோ நீரைச் சேர்த்து வைக்காமல் வாழ முடியாது. நொய்யலில் பல்லாண்டு ஓடிய சாயக்கழிவால் கரையோரக் கிணறுகள் கெட்டன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்ட வரலாற்றை நாம் மறந்துவிடவில்லை. குடிப்பதற்குக் குழாய் நீரையே நம்பியிருக்கும் ஊர்கள் பலவற்றில் அந்நீர் நாள்தோறும் வருவதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறைதான் திறந்து விடப்படுகிறது. ஆதலின் வாசல்தோறும் பிளாஸ்டிக் டிரம்களும் சிமெண்டுத் தொட்டிகளும் நிற்கின்றன. கொசுவுக்கு அவையே தொட்டில்.

இரண்டாவது கொக்கிப்புழு. புழுவுள்ளவர் திறந்த வெளியில் மலம் கழித்தால், அதிலுள்ள முட்டைகள் ஈரமண்ணில் பொரித்து நுண்புழுக்களாகின்றன. வெறுங்காலோடு அம்மண்ணை மிதிப்பவரின் தோலைத் துளைத்து அவை உட்புகும். குருதியோடு சென்று நுரையீரலை அடையும். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை எய்தும். அங்கே பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சும். மஞ்சள் வயலிலும் வாழைத் தோட்டத்திலும் வெறுங்காலோடு ஓடியாடும் சிறார் நம்மிடையே இன்றும் உளர்.

மூன்றாவது இரத்தசோகை. முன்சொன்ன புழுவும் இதற்கு ஒரு காரணம். கீரையும் பயறும் குறைந்த உணவு மற்றொரு காரணம். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். பள்ளிப் படிப்பை முடித்து நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் செல்லும் நம் பெண்மக்கள், இக்குறையோடுதான் முதல் நாள் வேலைக்குப் போகின்றனர்.

இம்மூன்றுக்கும் அரசு வழிவகை செய்யாமல் இல்லை. 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. 2018இல் தொடங்கிய இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தில், 10 முதல் 19 வயதினர்க்கு வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை உண்டு. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. டிரம்களைச் சோதித்து மருந்திடப் பணியாளர் வருகின்றனர். ஆனால் மாத்திரையை நாவின் அடியில் ஒதுக்கி வைத்திருந்து வெளியே துப்பிவிடும் பிள்ளைகளை ஆசிரியர்கள் கண்டிருக்கின்றனர். குடித்தால் வாந்தி வரும் என்றும், மலம் கறுத்தால் ஏதோ கேடு என்றும் அஞ்சுகின்றனர். உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும் என்பதும், மலம் கறுப்பது இரும்பினால் ஆவது, தீங்கன்று என்பதும் அவர்களுக்கு மனத்திற் பதியுமாறு சொல்லப்படவில்லை. மாத்திரை ஊருக்கு வந்துவிட்டது. அதைப் பற்றிய அறிவு இன்னும் வந்து சேரவில்லை.

முன்னே நடந்தவர்கள்

அறிவை மேடையேற்றும் முயற்சி நமக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் சபைகளில் எழுத்தறியாத சிறுவரும் நீண்ட பாடல்களையும் வசனங்களையும் நெஞ்சில் நிறுத்தினர். அச்சபைகளின் கண்டிப்பும் கொடுமையும் நமக்கு வேண்டா. ஆனால் வாயால் பாடி உடலால் நடித்தது மறவாது என்னும் உண்மை அவற்றால் விளங்கிற்று. அவ்வழி வந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் என்னும் கதாகாலட்சேபத்தின் வாயிலாகக் கல்வியின் தேவையை நகைச்சுவையோடு நாடெங்கும் பரப்பினார்.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத்து, 1980இல் அறிவியற் கலைப்பயணம் ஒன்றைத் தொடங்கி, ஊர்தோறும் முச்சந்தியில் பாட்டும் குறுநாடகமுமாக அறிவியலைக் கொண்டு சென்றது. 1987இல் அவ்வழி இந்தியா முழுவதற்கும் பரவியது. தமிழ்நாட்டில் 1980இல் அமைந்த அறிவியல் இயக்கமும், 1990களில் மாவட்டந்தோறும் எழுந்த அறிவொளி இயக்கமும் கலைக்குழுக்களைக் கொண்டே மக்களை அழைத்தன. அந்நாளைய அறிவொளிப் பாடல்களை இன்றும் முணுமுணுக்கும் மூதாட்டியர் நம் உறுப்பினரிலேயே இருத்தல் கூடும்.

உடல்நலத்துக்கென்றே நாடகத்தைக் கையாண்ட அமைப்பு ஒன்றும் நம் மாநிலத்தில் உண்டு. 1993இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘நலம்தானா’ என்னும் தொண்டு நிறுவனம், எய்ட்ஸ் முதலியவை பற்றிய தெருநாடகங்களைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடத்தியது. நாடகம் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் மக்களிடம் வினாக்கள் கேட்டு, அதன் பயனை அளந்தும் பார்த்தனர். அவ்வாய்வு 1999இல் வெளியாயிற்று. அதில் கண்ட செய்திகள் இரண்டு நமக்கு முக்கியமானவை. எய்ட்ஸ் கொசுக்கடியால் பரவும் என்பது போன்ற தவறான எண்ணங்கள், நாடகம் பார்த்தபின் பெரிதும் நீங்கின என்பது ஒன்று. படித்தவர்க்கும் படியாதவர்க்கும் இடையே அந்நோயைப் பற்றி இருந்த அறிவு வேறுபாடு நாடகத்தின் முடிவில் மறைந்துபோயிற்று என்பது மற்றொன்று. துண்டறிக்கையால் படித்தவனுக்கே பயன் கூடுதல். நாடகமோ படியாதவனையும் அவனுக்கு நிகராக அமர்த்துகிறது. எழுத்தறிவு குறைந்த குடும்பங்கள் மிகுந்த நம் தொழிற்பகுதிக்கு இதனினும் ஏற்ற சான்று வேண்டுவதில்லை.

நாம் செய்த பிழை

இவற்றையெல்லாம் படித்த ஊக்கத்தில், மூன்றாண்டுகளுக்கு முன் பல்லடம் வட்டத்தில் உள்ள ஒரு விசைத்தறிச் சிற்றூரின் நடுநிலைப்பள்ளிக்கு நாமே ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தோம். முந்தைய மழைக்காலத்தில் அவ்வூரில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் காய்ச்சலால் இறந்திருந்தான். ஆகவே டெங்குவே பொருளாயிற்று. கொசு ராஜாவின் தர்பார் என்பது கதை. குரல்வளமிக்க மாணவன் ராஜாவானான். பொன்தாள் கிரீடமும் முறுக்கிய மீசையும் அவனுக்கு. சாக்கடைக் கரையில் அரியணை. அவன் பாடியபோது கைதட்டலால் கொட்டகை அதிர்ந்தது. நாமும் மகிழ்ந்து வீடு திரும்பினோம்.

மறுநாள் தலைமையாசிரியர் வகுப்பிற்குள் அழைத்துச் சென்றார். ராஜாவின் பாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருந்தது. ‘சரி, உங்கள் வீட்டில் இன்று என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டோம். வகுப்பு அமைதியாயிற்று. ஒரு சிறுமி மட்டும் எழுந்து, ‘சாக்கடைய மூடோணுமுங்க’ என்றாள். அவள் பேரில் குற்றமில்லை. மேடையில் சாக்கடையை வைத்தவர்கள் நாமே. டெங்குக் கொசு நல்ல நீரில் வளர்வது என்னும் தலையாய செய்தியை, அரியணை அழகாக இருக்கட்டும் என்று நாமே மறைத்துவிட்டோம். அப்பள்ளியின் வாயிலில், மாணவர் கைகழுவும் நீர் நிறைந்த டிரம் மூடியின்றி நின்றுகொண்டிருந்தது. அதையும் அன்றுதான் கண்டோம்.

நம்மினும் பெரியோரும் இவ்வாறு இடறியதுண்டு. தென்னாப்பிரிக்காவில் ‘சராபினா’ என்னும் இசை நாடகத்தால் உலகப் புகழ் பெற்றவர் எம்பொங்கெனி இங்கெமா. எய்ட்ஸ் நோயைப் பற்றி இளைஞர்க்கு உணர்த்துமாறு, அதன் இரண்டாம் நாடகத்தை ஆக்கும் பணியை 1995இல் அந்நாட்டு நல்வாழ்வுத் துறை அவரிடம் ஒப்படைத்தது. 1 கோடியே 40 இலட்சம் ராண்டுக்கு மேல் ஒப்பந்தம். ஆடலும் பாடலும் சிறப்பாக இருந்தும், நோயைத் தடுக்கும் வழி அதில் தெளிவாக இல்லையென்று மருத்துவத் தொண்டர்கள் குறை கூறினர். பணம் செலவான முறையும் விசாரணைக்கு உள்ளாகி, 1996இல் நாடகம் நின்றது. கொட்டகையின் கைதட்டல் வேறு, கற்றல் வேறு என்பதற்கு இதனை விடப் பெரிய எடுத்துக்காட்டுக் கிடையாது. நம் கொசு ராஜாவுக்கு ஆன செலவு பொன்தாள் அளவே. பாடம் மட்டும் ஒன்றே.

கும்மி வட்டத்தில் ஏழு நாள்

அடுத்த பருவத்தில் தலைமையாசிரியர் எங்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள் வைத்தார்: ‘ஐயா, இம்முறை தாங்கள் எழுத வேண்டாம், பிள்ளைகள் செய்யட்டும், தாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.’ இசைந்தோம்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளை அழைத்துச் சென்று வாசல் டிரம்மின் அடியைப் பார்க்கச் செய்தார். நெளியும் கொசுப்புழுக்களை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, வாயைத் துணியால் இறுகக் கட்டி, சன்னலில் வைத்தார். பிள்ளைகள் நாள்தோறும் பார்த்து எழுதினர். புழு சுருண்டு கூட்டுப்புழுவாயிற்று. பின் ஒரு காலை வேளையில் துணிக்கடியில் கொசு உட்கார்ந்திருந்தது. காலில் வெள்ளை வரிகள். செவிலியர் புட்டியைக் கொதிநீரில் அமிழ்த்தினார். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்று அவர் சொன்னபோது, எவரும் அதை ஏட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அவர்கள்தாம் கண்டுவிட்டார்களே!

‘ஏனுங்க டீச்சர், தண்ணியக் கொட்டிப்போட்டாக் கொசுவும் போயிருமுங்களா?’ என்று ஒரு பையன் கேட்டான். அவ்வினாவே நாடகமாயிற்று. ஏடிஸ் கொசு நீரில் முட்டையிடுவதில்லை; நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். நீரைக் கொட்டினாலும் முட்டை போகாது; உலர்ந்த சுவரிலும் பல மாதம் உயிரோடிருந்து, மீண்டும் நீர்பட்டவுடன் பொரிக்கும். ஆகையால் டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வளர்ந்த நம்மிற் பலரும் அறியாத செய்தி இது.

வடிவத்தை ஊரே தந்தது. நம் கொங்கு நாட்டில் கும்மிக்குப் பஞ்சமில்லை. கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த முதுபெருங் கலைஞர் பத்திரப்பன், வள்ளி ஒயில் கும்மியில் சமூகச் செய்திகளைக் கலந்து பாடியும், முன்னர் ஆடவரே ஆடிவந்த அக்கலையைப் பெண்களுக்குப் பயிற்றியும் வந்தமைக்காக, 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றதை உறுப்பினர்கள் அறிவர். அவ்வூரின் முதியவள் ஒருத்தி மாலை வேளைகளில் வந்து பிள்ளைகளுக்கு அடிவைப்புச் சொல்லிக் கொடுத்தாள்.

ஏழு சுற்றுக் கும்மி. சுற்றுக்கு ஒரு நாள். வட்டத்தின் நடுவே கைகோத்து நிற்கும் எட்டுப் பிள்ளைகளே டிரம். அதன் உட்புறம் ஒட்டிக்கொண்டு குந்தியிருப்பவை முட்டைகள். ஒருத்தி வந்து டிரம்மைக் கவிழ்க்கிறாள். முட்டைகள் அசையாமல் சிரிக்கின்றன. மீண்டும் நீர் ஊற்றப்படுகிறது. சுற்றுக்குச் சுற்று முட்டை புழுவாகி, புழு கூடாகி, ஏழாம் சுற்றில் கொசு எழுந்து பறக்கிறது. பகல் வேளையிலேயே கடிக்கிறது. பின் ஆட்டம் முதலிலிருந்து தொடங்குகிறது. இம்முறை ஐந்தாம் சுற்றில் ஒருத்தி தேங்காய் நாரோடு வந்து, டிரம்மின் உட்புறத்தைத் தேய்க்கிறாள். முட்டைகள் ஒவ்வொன்றாய் உருண்டு வெளியேறுகின்றன. மூடி போடப்படுகிறது. ஏழாம் சுற்று வருகிறது; கொசு வரவில்லை. வாரத்திற்கு ஒருநாள் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே கொட்டகை முழுவதும் அறிந்துகொண்டது.

வேடத்திற்குச் செலவில்லை. பனியன் கம்பெனியில் மிஞ்சும் வெட்டுத்துணியில் கறுப்பும் வெள்ளையும் தேர்ந்து கால்களிற் சுற்றினர்; வரிகள் வந்துவிட்டன. தகர டின் கொட்டியவன் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகன். தமிழ் அவனுக்கு அப்போது அரைகுறை. வகுப்பின் கடைசிப் பலகையில் பேசாதிருந்த பிள்ளை, தாளத்திலே தலைவனானான். நாடகம் முடிந்தபின் தன் தாயிடம் ஒடியா மொழியில் கைகளை ஆட்டி ஆட்டி அவன் விளக்கியதைக் கண்டோம். வேற்று மாநிலக் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில், எந்தத் துண்டறிக்கையும் நுழையாத வீட்டிற்குள் அன்று செய்தி நுழைந்தது.

பிள்ளைகள் ஒரு காட்சி கூடுதலாக வைக்க விரும்பினர். நோயுற்ற சிறுவன் இறக்கும் காட்சி அது. தலைமையாசிரியை அனுமதிக்கவில்லை என்று சொல்லும் அளவுக்குக் கடுமையாக உதவி ஆசிரியை ஒருவர் மறுத்தார். இறந்த சிறுவனின் தாய் பார்வையாளரிடையே அமர்ந்திருப்பாள் என்பதை அவர் நினைவூட்டினார். அதற்கு மாறாக, காய்ச்சல் தணியும் நாளில்தான் விழிப்பு மிகவும் வேண்டும் என்பதும், அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதும், மருத்துவரைக் கேளாமல் வலிமாத்திரை வாங்கித் தரலாகாது என்பதும் ஒரு பாட்டிக்கும் பேத்திக்கும் நடக்கும் உரையாடலாக அமைந்தன. அத்தாய் வந்திருந்தாள். முடியும்வரை இருந்தாள். எழுந்து போகும்போது டிரம்மாக நின்ற பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

நாடகம் முடிந்த பின்

1965இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்துப் பெல்கிரேட் அரங்கினர், பள்ளிக்குள் சென்று மாணவரையும் நாடகத்திற் பங்குபெறச் செய்யும் கல்வி அரங்க முறையைத் தொடங்கினர். பார்ப்பவனாகிய மாணவன் ஏதேனும் முடிவெடுக்க வேண்டும், ஏதேனும் செய்ய வேண்டும் என்பது அம்முறையின் உயிர். நம் சிற்றூர்ப் பள்ளியும் தன் போக்கில் அதனையே செய்தது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் தத்தம் வீட்டு டிரம்மைத் தேய்த்தபின், அதன்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இடுவர். திங்கட்கிழமை வகுப்பில் அதைச் சொல்வர்.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் அவ்வூர்த் தெருக்களில் நடந்தோம். நாம் நுழைந்த வீடுகளிற் பெரும்பாலானவற்றில் குறி இருந்தது. சிலவற்றில் இல்லை. குறியில்லாத வீடுகளில் பிள்ளைகள் மறந்துவிடவில்லை. ஒரு வீட்டில் தாயும் தந்தையும் இரவு ஷிப்டு. நீர் நிறைந்த டிரம்மைக் கவிழ்க்க ஒன்பது வயதுச் சிறுமிக்கு வலுவில்லை. மற்றொரு வீட்டில் அடுத்த தண்ணீர் என்று வரும் என்று தெரியாத நிலையில், இருக்கும் நீரைக் கொட்ட மனமில்லை. டிரம்முக்கு மூடியே இல்லாத வீடுகள் பல. ‘மூடி வெச்சா வராதுன்னு தெரியுமுங்க, மூடி இல்லீங்களே’ என்றாள் ஒருத்தி. அவளுக்கு இனி எந்த நாடகமும் கற்பிக்க வேண்டியதில்லை. வேண்டியது மூடி.

இதுவே நாம் கண்ட முடிவு. நாடகம் ஒரு செயலைக் கற்பிக்கலாம். அச்செயலைச் செய்ய வேண்டிய பொருளும் வசதியும் ஊரில் இல்லையெனில், கற்ற பிள்ளைக்குக் குற்றவுணர்ச்சியே மிஞ்சும். குழாயில்லாத பள்ளியில் கைகழுவும் பாட்டுப் பாடுவதும், செருப்பில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு கொக்கிப்புழு நாடகம் ஆடுவதும், பசித்தவன் முன் சமையற் குறிப்புப் படிப்பது போலாகும். நாடகத்தில் எந்தப் பிள்ளையின் வறுமையும் நகைப்புக்கு உரியதாகக் கூடாது என்பதும் இதனோடு சேர்ந்ததே. வெறுங்காலனையும் பேன்தலையனையும் கோமாளியாக்கிச் சிரிக்க வைப்பது எளிது; மறுநாள் அப்பெயரே வகுப்பில் ஒருவனுக்கு நிலைத்துவிடும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கூட்டுறவுச் சங்கங்களின் இடம் இங்கேதான் வருகிறது. நாடகத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். நாடகம் கேட்கும் பொருளைச் சங்கம் தரலாம். இலாபப் பங்கீட்டில் பொதுநன்மைக்கென ஒதுக்கும் வழக்கம் நம் சங்கங்களுக்குப் புதிதன்று. அதிலிருந்து சிறுதொகை இதற்குச் செல்லுமாறு பேரவையில் தீர்மானம் கொண்டுவருதல் இயலும்.

முதலாவதாக, ஓர் ஆண்டிற்கு ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்க. டெங்கு, புழு, இரத்தசோகை, கைகழுவுதல், பல்துலக்கல் என எல்லாவற்றையும் ஒரே மாலையில் திணித்தால் எதுவும் நில்லாது. ஊருக்கு எது உடனடித் தேவை என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தாரைக் கேட்டுத் தெளிக. மேடையேறும் முன் ஒருமுறை செவிலியரோ மருத்துவரோ ஒத்திகையைப் பார்த்துவிடட்டும். நம் சாக்கடை அரியணை அவ்வாறு பார்க்கப்பட்டிருந்தால் அன்றே அகன்றிருக்கும்.

இரண்டாவதாக, காலத்தைப் பொருத்துக. டெங்கு நாடகம் வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி புரட்டாசியில் நடக்க வேண்டும். புழு நாடகம், பள்ளியில் மாத்திரை தரும் நாளுக்கு ஒரு வாரம் முன் நடந்தால், அஞ்சும் பிள்ளைகள் அஞ்சாது விழுங்குவர். மண்ணிலிருந்து காலுக்கும், காலிலிருந்து குடலுக்கும் புழு செல்லும் நெடும்பயணம் உடுக்கடிக் கதைப்பாட்டுக்கு என்றே அமைந்தது போன்றது. 1965இல் பிரெண்டா பெக் அம்மையார் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்தார். இரவுகள் பல நீளும் கதையைக் கேட்கும் பொறுமையும் சுவையும் உடைய மண் இது.

மூன்றாவதாக, நாடகத்தோடு பொருளும் செல்லட்டும். நெசவாளர் சங்கம் டிரம் வாயில் கட்டத்தக்க நெருக்கமான துணிமூடிகளை, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்து, குறைந்த விலைக்குத் தரலாம். கொசு நுழையாத அளவு இழை நெருக்கம் நமக்குத் தெரியாததன்று. விளைவிப்போர் சங்கம் பள்ளித் தோட்டத்திற்கு முருங்கைப் போத்தும் கீரை விதையும் தரலாம். வெட்டுத்துணி வேடத்திற்கும் பொம்மைக்கும் பயன்படும்.

நான்காவதாக, பிள்ளைகளே ஆக்கட்டும். பட்டணத்துக் குழுவை அழைத்துவந்து ஒரு நாள் காட்டுவது தவறன்று. ஆயினும் அக்குழு போய்விடும். பிள்ளைகள் ஊரிலேயே இருப்பர். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடைபெறுவதால், ஒத்திகைக்கும் ஊக்கத்திற்கும் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

சென்ற மாதம் மீண்டும் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். பள்ளி வாயிலில் இருந்த டிரம்முக்கு இப்போது துணிமூடி. அவ்வூர் உறுப்பினர் ஒருவர் தம் தறியில் நெய்து கொடுத்தது. அதன் பக்கத்தில் சுண்ணக்குறி. இடைவேளையில் சின்னஞ்சிறு வகுப்புப் பிள்ளைகள், எவரும் சொல்லிக் கொடுக்காமலே, கைகோத்து டிரம்மாக நின்று விளையாடிக்கொண்டிருந்தனர். உள்ளே ஒட்டியிருந்த முட்டைகளில் ஒருத்தி வெளியே உருள மறுத்து அழுதுகொண்டிருந்தாள். ‘இன்னிக்கு வெள்ளிக்கெழம, போயிரோணும்’ என்று மற்றவர்கள் அவளுக்கு நியாயம் எடுத்துரைத்துக்கொண்டிருந்தனர்.